பெட்ரோவுக்கு உரை வேண்டாம்

சிரிப்பதற்கும் உரை தேவைப்படுமோ என்னும் ஐயம் நமக்கு 2007-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில்தான் முதன்முதலாக எழுந்தது. அதுவரை உரை என்பது சங்கப் பாடல்களுக்கும் இலக்கண நூல்களுக்கும் உரியதென்றே எண்ணியிருந்தோம். கல்லூரியில் தமிழ் கற்பிக்கச் சேர்ந்து ஈராண்டுகூட நிறையாத காலம் அது. அங்கதம் பற்றி ஆய்வேடு எழுதி ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றிருந்த பெருமிதம் வேறு. அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பழைய தோழர் ஒருவர் ஆறு டிவிடி குறுந்தகடுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "அங்கதம், அங்கதம்னு உயிரை வாங்குவியே, இதப் பாத்துட்டுச் சொல்லு" என்றார். அவருடைய வீட்டில் அவற்றை வைக்க இடமில்லை என்பது பின்னர் தெரிந்தது.

தகடுகளின்மேல் இருந்த பெயர் 'எக்செல் சாகா'. ஜப்பானிய அசைவூட்டத் தொடர். 1999 அக்டோபர் முதல் 2000 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. ஷினிச்சி வதனபே இயக்கியது. ஜப்பானியத் தலைப்பில் 'ஹெப்போகோ ஜிக்கென் அனிமேஷன்' என்னும் முன்னொட்டும் உண்டு. 'உருப்படாத சோதனை அசைவூட்டம்' என்று அதைத் தமிழாக்கலாம். தன் நூலுக்குத் தானே இப்படி அவையடக்கம் கூறிக்கொண்ட படைப்பின்மீது, பாயிரங்களைப் படித்துப் பழகிய நமக்கு உடனே ஒரு பற்று உண்டாயிற்று.

அமெரிக்கத் தகடுகள் நம் நாட்டு இயக்கிகளில் எளிதில் ஓடமாட்டா. உலகைப் பல மண்டலங்களாகப் பிரித்து, அமெரிக்காவுக்கு ஒன்று என்றும் இந்தியாவுக்கு ஐந்து என்றும் எண் கொடுத்திருந்தார்கள் டிவிடி வணிகர்கள். நல்ல வேளையாக, வீட்டிலிருந்த விலைமலிந்த பெட்டி எந்த மண்டலத்தையும் மதிக்காத பெட்டி, போட்டதையெல்லாம் ஓட்டியது. அப்போது நம் தமக்கையின் மகன் நம்மோடு தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாம் வகுப்பு. அவனுடைய தந்தை கத்தாரில் கட்டுமான வேலை பார்த்துவந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை; அன்று மாலை தொலைபேசி ஒலிக்கும். மற்ற நாள்களில், பாடம் முடிந்த பிறகு, இரவு ஒரு பகுதி என்று கணக்கு வைத்துக்கொண்டு இருவரும் பார்க்கத் தொடங்கினோம்.

கதை என்று சொல்லத் தொடங்கினால் நமக்கே கூச்சமாயிருக்கும். 'அக்ராஸ்' என்பது உலகை வெல்ல எண்ணும் இரகசிய இயக்கம். அதன் தலைவர் இல் பலாசோ. உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் வெல்வது இயலாது என்பதால், முதலில் ஒரு நகரத்தை மட்டும் வெல்வோம் என்று முடிவு செய்கிறார். அந்த நகரத்துக்குப் பெயர் 'எஃப்' நகரம். மூலச் சித்திரக்கதையின் ஆசிரியரான ரிக்டோ கோஷியின் ஊராகிய ஃபுகுவோகாதான் அது. எக்செல், ஹயாட், இல் பலாசோ என்னும் பெயர்களும் அவ்வூர் விடுதிகளை நினைவூட்டுபவை. எக்செல், இயக்கத்தின் விசுவாசமுள்ள தொண்டர்; ஹயாட், நின்ற இடத்திலேயே குருதி கக்கி இறந்து, சற்று நேரத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்கும் நோயாளிப் பெண். இருவரும் ஒண்டுக்குடித்தன அறையில் வாழ்ந்து, கிடைத்த கூலிவேலைகளைச் செய்து வயிறு வளர்க்கிறார்கள். வழியில் கிடைத்த ஒரு நாய்க்குட்டியை வளர்க்கவும் செய்கிறார்கள்; பஞ்சம் வந்தால் சமைப்பதற்காக! நாயின் பெயர் மென்ச்சி. கொத்துக்கறியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஒவ்வொரு பகுதியும் ஒரு வகைப் படைப்பைப் பகடி செய்யும். அறிவியல் புனைவு, காதல் விளையாட்டு, போர்ப்படம், திகில், விளையாட்டு வீரர் கதை என்று வரிசையாக. தொடக்கத்தில் ரிக்டோ கோஷியே கேலிச்சித்திர உருவில் வந்து, தம் படைப்பை இன்ன வகையாக மாற்ற இசைவதாக ஒப்புதல் தருவார். முதற்பகுதியில் எக்செலுக்கு இடப்படும் கட்டளை என்ன தெரியுமா? அந்த ரிக்டோ கோஷியையே கொன்றுவிட்டு வா என்பது! இயக்குநர் வதனபேயும் சும்மா இருப்பதில்லை. பெருத்த சுருட்டை முடியும் சிவப்புக் கோட்டுமாக 'நபேஷின்' என்னும் பாத்திரமாகிக் கதைக்குள் நுழைந்துவிடுகிறார். அந்தச் சிவப்புக் கோட்டு, 'லூப்பின் மூன்றாமவன்' என்னும் புகழ்பெற்ற திருடனுடையது. இதுவும் நமக்குத் தகடு சொல்லித்தான் தெரிந்தது.

தகடு சொல்லி என்றதைச் சற்று விளக்கவேண்டும். அமெரிக்காவில் இத்தொடரை வெளியிட்ட ஏடிவி ஃபிலிம்ஸ் நிறுவனத்தார் ஓர் அரிய ஏற்பாடு செய்திருந்தனர். விரும்பினால், படம் ஓடும்போதே திரையில் சிறு கட்டங்கள் தோன்றும். இந்தக் காட்சி இன்ன தொடரைக் கேலி செய்கிறது, இந்தச் சொல்லுக்கு இன்ன பொருள் என்றெல்லாம் குறிப்பு வரும். அதற்கு மேலே எக்செல் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பாள். ஜப்பானிய மொழியில் கொதொனோ மித்சுஇஷி கொடுத்த அந்தக் குரலின் வேகம் ஒரு வியப்பு. ஆங்கிலத்தில் அவ்வேகத்தைப் பின்பற்றிய நடிகை குரல் கெட்டுப்போய்ப் பாதித் தொடரோடு விலக நேர்ந்தது. பிற்பாதிக்கு வேறொருவர் வந்தார். அந்தப் பேச்சுக்குக் கீழே ஆங்கில வசனம், வசனத்துக்கு மேலே குறிப்பு, எல்லாவற்றுக்கும் நடுவே கதை. நாம் மூலத்தையும் பொழிப்புரையையும் சிறப்புக் குறிப்பையும் ஒருங்கே படிக்கும் மாணவராகிவிட்டோம்.

முதல் சில இரவுகளில் நடந்ததைச் சொன்னால் நகைப்பாயிருக்கும். காட்சி வரும். நாம் சிரிப்பதில்லை. குறிப்பு வரும். தகட்டை நிறுத்தி, குறிப்பைப் படித்து, "ஓகோ" என்போம். பிறகு பின்னோக்கி ஓட்டி அதே காட்சியை மறுபடி பார்ப்போம். அப்போதும் சிரிப்பு வராது. புரிந்திருக்கும், சிரிப்பு மட்டும் வந்திருக்காது. தமக்கை மகனோ குறிப்பு எதையும் படியாமலே விழுந்து விழுந்து சிரிப்பான். "என்னடா புரிஞ்சுது உனக்கு?" என்றால், "புரியல மாமா, ஆனா அவ ஓடுறதப் பாருங்க" என்பான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கென வகுக்கிறார். எள்ளல் ஒன்று, மற்றவை இளமை, பேதைமை, மடன். வகுப்பில் பலமுறை நடத்திய பாடம்தான். எள்ளலுக்கு மட்டுமே எள்ளப்படும் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்பதும், ஏனைய மூன்றுக்கும் முன்னறிவு வேண்டியதில்லை என்பதும் பதினேழு வயதுப் பையன் சிரித்தபோதுதான் நமக்கு உறைத்தது. குறிப்பெழுதியவர்கள் எள்ளலுக்கு மட்டும் உரை எழுதியிருந்தார்கள். பையன் பேதைமைக்கும் மடனுக்கும் சிரித்துக்கொண்டிருந்தான்.

மடன் என்பதற்கு உரைமரபு தரும் விளக்கம் அழகானது. ஒருவர் கொளுத்தியதைப் பற்றிக்கொண்டு, பற்றியதை எந்நிலையிலும் விடாதிருத்தலே மடம் என்பர். எக்செலுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திர விளக்கத்தை எந்தத் திறனாய்வாளரும் எழுதிவிட முடியாது. அவள் ஒவ்வொரு பகுதியிலும் தலைவர் சொன்னதைக் கேட்டுத் துள்ளி ஓடுகிறாள். தோற்றுத் திரும்புகிறாள். வாய் ஓயாமல் புகழ்ந்து பேசுகிறாள். தலைவர் பொறுக்கமாட்டாமல் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கிறார். காலடித் தரை திறந்து அவள் பாதாளத்தில் விழுகிறாள். அடுத்த நாள் அதே இடத்தில் வந்து நிற்கிறாள். முதற்பகுதியின் தொடக்கத்திலேயே இயக்கத்தில் சேரும் மகிழ்ச்சியில் ஓடிவந்து வண்டியில் அடிபட்டு இறந்தவள் அவள். 'பேரண்டத்தின் பெருவிருப்பம்' என்னும் ஒரு சக்தி காலத்தைப் பின்னுக்கு இழுத்து அவளை எழுப்பிவிடுகிறது. சாவுகூட அவள் பற்றியதை விடச்செய்யவில்லை. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி 1990-களின் தொடக்கத்தில் உடைந்து, வேலை என்பதே அரிதாகிப்போன ஆண்டுகளில் எழுதப்பட்ட கதை இது. ஊதியமில்லாத ஓர் இயக்கத்துக்கு உயிரைக் கொடுத்து, வாடகைக்காக வேறு வேலைக்கு ஓடும் பெண்ணைக் கண்டு அந்நாட்டார் எதற்காகச் சிரித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம்.

இவ்வாறு இரவுகளில் பகடியை ஆராய்ந்துகொண்டிருந்த நாம், பகலில் ஒரு தவறு செய்தோம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வணிகவியல் மாணவர்களுக்குப் பொதுத்தமிழ் வகுப்பு. புறநானூற்றின் 112-ஆம் பாடல். பாரி மகளிர் பாடியது. பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை. ஐந்தே அடிகள். கடந்த மாதத்து நிலவில் தந்தை இருந்தார், குன்றும் இருந்தது. இந்த மாதத்து நிலவில் இரண்டும் இல்லை. இவ்வளவுதான் செய்தி. தமிழில் இதற்கு நிகரான இரங்கற்பா வேறில்லை என்பது நம் துணிபு. குரலைத் தாழ்த்தி முதற்சொற்களைச் சொன்னோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், அதே சொற்களைக் கொண்ட திரைப்பாட்டின் மெட்டை முனகினான். 1997-இல் வந்த 'இருவர்' படத்தின் காதற்பாட்டில் அச்சொற்கள் இடம்பெற்றிருப்பதை வாசகர் அறிவர். வகுப்பு முழுவதும் சிரித்தது. தந்தையை இழந்த இரு பெண்களின் அழுகையைக் காதலர் கொஞ்சலாக்கிச் சிரிக்கிறார்களே என்று நமக்குச் சினம் பொங்கிவிட்டது. "வெளியே போ" என்றோம். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவனை வகுப்புக்குள் விடவில்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் ஆசிரியர் அறையில் இதைக் கேட்டு, "சரியாச் செஞ்சீங்க" என்றபோது உள்ளம் குளிர்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

அந்த வாரத்தில்தான் தொடரின் இருபதாம் பகுதியைப் பார்த்தோம். அணுப்போருக்குப்பின் பாழ்நிலமான உலகம், தோள் பெருத்த முரடர்கள், விரலால் தொட்டதும் வெடித்துச் சிதறும் பகைவர்கள் என்று எல்லாம் மிகைப்பட்ட பகடி. 'வடமீன் முட்டி' எனத் தமிழில் சொல்லத்தக்க 'ஹொகுதோ நோ கென்' தொடரைக் கேலி செய்கிறது என்று குறிப்பு சொல்லிற்று. புரோன்சன் எழுத, தெட்சுவோ ஹாரா வரைய, 1983 முதல் 1988 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வந்த சித்திரக்கதை அது. மார்பில் ஏழு வடுக்களைத் தாங்கிய கென்ஷிரோ அதன் தலைவன். அக்கதையைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை ஜப்பானியச் சிறுவர்கள், வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக மடியும் இடங்களில் கண்ணீர் விட்டவர்கள்.

தமக்கை மகன் விடவில்லை. "மாமா, ஒரிஜினல் என் ஃப்ரெண்டுகிட்ட இருக்கு" என்று அடுத்த நாளே மூலத் தொடரின் சில பகுதிகளை ஒரு தகட்டில் பதிந்துகொண்டு வந்தான். பார்க்க உட்கார்ந்தோம். மிகுந்த அவலம் தோய்ந்த ஒரு காட்சி. இறக்கும் வீரன் ஒருவன் இறுதி மொழி பேசுகிறான். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அடக்கவே முடியவில்லை. அந்தத் தோள்களும், அந்த மேகங்களும், அந்தக் குரலும் முன்பே பகடியாக நம்முள் குடியேறிவிட்டன. மூலம் பின்னால் வந்து நின்றபோது அதுவே நகலின் நகல் போலத் தோன்றிற்று. அப்போது நம் பக்கத்தில் ஜப்பானியத் தமிழாசிரியர் போல ஒருவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? "வெளியே போ" என்றிருப்பார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எது முதலில் வந்து சேர்கிறதோ அதுவே ஒருவனுக்கு மூலம். பின்வரிசை மாணவனுக்கு அந்தச் சொற்கள் வானொலியில் காதற்பாட்டாகவே முதலில் வந்தன. அவன் புறநானூற்றைக் கேலி செய்யவில்லை. தனக்குத் தெரிந்த பாட்டை அடையாளம் கண்டுகொண்டான். பாடப்புத்தகத்தில் தனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறதே என்ற மகிழ்ச்சிதான் அந்த முனகல். அந்த மகிழ்ச்சியைத்தான் நாம் வெளியே அனுப்பியிருந்தோம்.

மறுநாள் அவனை வராந்தாவில் அழைத்தோம். தலைகுனிந்து நின்றான். "தப்பாப் பாடல ஐயா. எனக்கு அந்த வரி அப்படித்தான் தெரியும்" என்றான். இதைத்தான் அன்று சொல்ல வாயெடுத்திருக்கிறான். வகுப்பில், "அன்றைக்கு முனகியதை இன்றைக்கு முழுதாகப் பாடு" என்றோம். வகுப்பு திகைத்தது. அவன் தயங்கித் தயங்கிப் பாடினான், நன்றாகவே பாடினான். பாடி முடிந்ததும் அதே சொற்களை முதலில் சொன்னவர்கள் யார், சொன்ன இரவு எத்தகையது என்று கதையாகச் சொன்னோம். மூவேந்தர் முற்றுகை, பறம்பு, பாரியின் சாவு. திணை, துறை எதுவும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவனே எழுந்து, "அப்புறம் அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரும் எங்க போனாங்க ஐயா?" என்று கேட்டான். கபிலர் அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணம்கொள்ள வேண்டிய பாடல்கள் அதே புறநானூற்றில் உள்ளன. பாடத்திட்டத்தில் இல்லாத அப்பாடல்களை அவன் கேட்டதற்காக நடத்தினோம். புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்களோடு நின்றுவிடுகிறது. உரைகாரர் எட்டாத இடத்தையும் ஒரு மாணவனின் கேள்வி எட்டிவிடும் என்று அன்று அறிந்தோம்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நம்மை நாமே மெச்சிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த ஆறு தகடுகளில் பெட்ரோ என்றொருவன் இருக்கிறான்.

பெட்ரோ வேற்றுநாட்டிலிருந்து பிழைப்புக்காக வந்த கட்டுமானத் தொழிலாளி. தொடரின் தொடக்கத்திலேயே எக்செலின் அமளியில் சிக்கி இறந்துபோகிறான். இறந்தும் விடுதலையில்லை. ஆவியாகி அலைந்து, ஊரிலுள்ள மனைவியையும் மகனையும் நினைத்துப் புலம்புகிறான். உருக்கமான குடும்பத் தொடர்களைக் கேலி செய்யும் பாத்திரம். அழுகை மிகைப்படுத்தப்பட்டிருக்கும். "நோ" என்று அவன் நீட்டி அலறும்போதெல்லாம் நாம் சிரித்தோம். குறிப்பின் துணையின்றியே முதன்முதலாக நமக்குச் சிரிப்பு வந்தது அவனைப் பார்த்துத்தான். அதில் ஓர் அற்பப் பெருமையும் இருந்தது.

நான்காம் தகட்டிலோ ஐந்தாம் தகட்டிலோ தாமதமாக ஒன்றைக் கவனித்தோம். பெட்ரோ திரையில் வந்தால் தமக்கை மகன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான். முதலில் தற்செயல் என்றே நினைத்தோம். மறுநாளும் எழுந்தான். அதற்கடுத்த நாளும். திரும்பி வரும்போது காட்சி மாறியிருக்கும். சமையலறையில் குழாய் திறக்கும் ஓசைகூடக் கேட்பதில்லை.

ஒருநாள், அவன் எழுந்தபோது தகட்டை நிறுத்திவிட்டு, "இரு, வந்தப்புறம் போடுறேன். அந்த எடத்துக்கு நோட்ஸ் இருக்கா பார்ப்போம்" என்றோம்.

வாசலில் நின்றபடியே சொன்னான்: "அதுக்கு நோட்ஸ் வேண்டாம் மாமா."

வேறொன்றும் சொல்லவில்லை. சினமும் இல்லை, குறையும் இல்லை. அன்று வியாழக்கிழமை என்பது மட்டும் நினைவிருக்கிறது. மறுநாள் தொலைபேசி வரவேண்டிய நாள். பாரி மகளிரின் அழுகையைக் காக்க ஒரு மாணவனை வெளியேற்றிய நாம், நம் வீட்டுக் கூடத்தில் ஒரு பிள்ளை இரவுதோறும் தானாகவே வெளியேறிக்கொண்டிருந்ததைக் காணாதிருந்தோம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தந்தையின் துயரம் நமக்கு விளங்கியது. கத்தாரில் சாரத்தின்மேல் நின்றுகொண்டிருந்த அத்தானின் நினைவு வரவில்லை.

அதன்பின் பெட்ரோ வரும் இடங்களை நாமே வேகமாக ஓட்டிவிட்டோம். அவனும் அதைப்பற்றிப் பேசவில்லை.

இருபத்தாறாம் பகுதியைப் பற்றியும் ஒரு சொல். இருபத்தைந்து பகுதிகளே தொலைக்காட்சியில் வந்தன. இறுதிப் பகுதி, ஒளிபரப்ப முடியாத அளவுக்கு வேண்டுமென்றே வன்முறையும் விரசமும் நிரப்பி எடுக்கப்பட்டது. அதன் தலைப்பே 'அளவு மீறல்' என்னும் பொருளுடையது. வீட்டுத் தகடுகளில் மட்டுமே காணக்கிடைத்த பகுதி அது. மாமன் என்னும் பொறுப்புணர்வோடு, "இது உனக்கு வேண்டாம்" என்று ஆறாம் தகட்டை அலமாரியில் பூட்டினோம். "சரி மாமா" என்று பணிவாகச் சொன்னான். அதை அவன் நண்பன் வீட்டில் முன்பே பார்த்துவிட்டான் என்பது பத்தாண்டு கழித்துத் தெரிந்தது. தணிக்கையாளர்களின் வரலாறு உலகெங்கும் இதுதான் போலும்.

ஏடிவி நிறுவனம் 2009-இல் கலைந்துபோயிற்று. ரிக்டோ கோஷியின் சித்திரக்கதை 2011-இல் முடிவுற்றது. நமது பெட்டியும் ஒருநாள் நின்றுவிட்டது. தகடுகள் மட்டும் புத்தக அலமாரியில், புறநானூற்று உரைநூல்களுக்குப் பக்கத்தில், இடம்பிடித்திருந்தன. அத்தான் 2016-இல் ஒரேயடியாக ஊர் திரும்பினார். முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை.

சென்ற பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, தமக்கை மகன் அலமாரியில் அந்தத் தகடுகளைக் கண்டெடுத்தான். இப்போது அவனுக்கே குழந்தை இருக்கிறது. மடிக்கணினியோடு ஒரு டிவிடி இயக்கியை இணைத்து, தொலைக்காட்சியில் ஓடவிட்டான். அத்தான் பக்கத்து நாற்காலியில் வந்தமர்ந்தார். மொழியும் புரியாது, கீழே ஓடும் ஆங்கில வசனத்தைப் படிக்கும் வழக்கமும் இல்லை. பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாயும் பாடிற்று. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மென்ச்சி மேடையில் நின்று குரைத்துப் பாட, பக்கத்தில் ஒரு பெண் அதை மனித மொழியில் பெயர்த்துச் சொல்லும் பாட்டு அது. குரைப்பு ஜப்பானியமாகி, ஜப்பானியம் ஆங்கிலமாகி, ஆங்கிலத்தை நாம் அத்தானுக்குத் தமிழில் சொன்னோம். "அதுக்கென்ன, கறியாக்கிடுவாங்களேன்னு பயம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றார். மூன்று மொழிபெயர்ப்புக்கும் வேலையில்லாமல் போயிற்று.

பிறகு பெட்ரோ வந்தான். நமக்குக் கை பதறியது. வேகமாக ஓட்டும் பொத்தானைத் தேடினோம். அதற்குள் அத்தான், "யாரு இவன்?" என்றார். யாரும் பேசவில்லை. மகன்தான் சொன்னான்: "வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்தவம்ப்பா. செத்துட்டான். பொண்டாட்டி, புள்ளைய நெனச்சு ஆவியா சுத்துறான்."

அத்தான் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். பெட்ரோ அலறினான். அத்தான் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இவனுக்கென்னடா கொறை? செத்ததும் டிக்கெட் இல்லாமப் பறக்குறான். எங்களுக்கு ஊருக்கு வர லீவு கெடைக்கவே ரெண்டு வருசம் ஆவும்" என்றார். மறுபடி சிரித்தார். முகாமில் உடனிருந்தவர்களின் கதைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்பது ஆண்டுகளில் அவர் சொல்லி நாம் கேட்டிராத கதைகள். அவற்றுள் சில சிரிப்பூட்டின, சில அப்படியல்ல. அவர் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

பகடி செய்வதற்கும் பகடிக்குச் சிரிப்பதற்கும் யாருக்கு உரிமை என்பது பற்றி ஆய்வேட்டில் ஓர் இயல் முழுவதும் எழுதியிருக்கிறோம். இப்போது எழுதச் சொன்னால் அந்த இயலை அத்தானிடம் கேட்டு எழுதுவோம். எள்ளலுக்கு ஆளான பொருளை அறிந்தவனுக்கே எள்ளல் விளங்கும் என்று தகட்டுக் குறிப்பு எழுதியவர்கள் நம்பினார்கள், அது உண்மைதான். அந்தப் பொருளைத் தோளில் சுமந்தவன் சிரிக்கும் சிரிப்புக்கு முன்னால், அறிந்தவனின் சிரிப்பு மிகச் சிறியது.

தமக்கை மகன் முதலில் திரையைப் பார்க்கவில்லை. தந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் சிரித்தான். அன்று அவன் தண்ணீர் குடிக்க எழவில்லை.